கவிழ்த்த சீட்டுகள்

மார்ச் 5, ஞாயிறு

மெனு எழுதும் நோட்டில் இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதப்போகிறேன். மெனுவில் எழுத ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறும் பருப்பும், ராத்திரி மத்தியானத்து மிச்சம். இதையே தினமும் எழுதிக்கொண்டிருந்தால் சமைக்கிற எனக்கே எரிச்சல் வருகிறது.

பிற்பாடு யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டுமே. நான் கஸ்பார், தூத்துக்குடி, வயது ஐம்பத்திரண்டு, இந்தக் கப்பலின் சமையல்காரன். கப்பலின் பெயரை எழுத மனமில்லை. வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நவம்பரிலிருந்து நங்கூரம் போட்டு நிற்கிறோம். முதலாளி போனை எடுப்பதில்லை. சம்பளம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு பேர் இருந்த கப்பலில் இப்போது ஆறு பேர். கேப்டன் சாவந்த், பர்மாக்கார என்ஜினியர் ஒருவர், அப்புறம் நாங்கள் நாலு தமிழ் ஆட்கள். கப்பலை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது துறைமுகத்துச் சட்டம். அதனால் பாஸ்போர்ட் கரையில், நாங்கள் கடலில்.

நாலு பேரில் மூத்தவர் போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, மீராசா காக்கா, கீழக்கரை. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அடுத்து ஃபிட்டர் வேதரத்தினம், வேதாரண்யம் பக்கம். என்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற செம்புலிங்கம், சாத்தான்குளம். நாலாவது நான்.

ரம்மி ஆடி ஆடிச் சலித்துப் போயிருந்தோம். இன்று பாத்திரம் கழுவியபின் வேதரத்தினம் ஒரு புது ஆட்டம் சொன்னார். போக்கர் வகையாம், பெயர் ஒமாஹா. பழைய கப்பலில் பிலிப்பைன்ஸ் ஆட்களோடு ஆறு வருஷம் ஆடியிருக்கிறார். ஆளுக்கு நாலு சீட்டு கையில். மேஜைமேல் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். கையிலிருந்து இரண்டு, மேஜையிலிருந்து மூன்று எடுத்து ஐந்தாகச் சேர்க்க வேண்டும். ஜோடியோ, வரிசையோ, ஸ்பேடு ஆட்டின் என்று ஒரே இனமோ, யாருடையது பெரிதோ அவருக்கு ஜெயம். கையிலிருந்து இரண்டேதான். ஒன்றும் கூடாது, மூன்றும் கூடாது. இதை அவர் பன்னிரண்டு தடவை சொன்னார். பதின்மூன்றாவது தடவை செம்புலிங்கம் கேட்டான்.

பந்தயத்துக்கு ஸ்டோரிலிருந்து பித்தளை வாஷர் எடுத்து வந்தோம். காசு உண்டா என்று காக்கா முதலிலேயே கேட்டுக்கொண்டார். இல்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் யாரிடம் வாஷர் குறைவோ அவர் ராத்திரிப் பாத்திரம் கழுவ வேண்டும். இன்று நான் கழுவினேன். சமைக்கிறவனும் நானே, கழுவுகிறவனும் நானே என்றால் இந்த ஆட்டத்தால் எனக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை.

மார்ச் 6, திங்கள்

வேதரத்தினம் சொல்வதை எழுதி வைத்துக்கொள்கிறேன். மறுபடி பாத்திரம் கழுவ ஆசையில்லை.

முதல் நாலு சீட்டைப் பார்க்கும்போதே ஆட்டம் பாதி முடிந்துவிடுகிறதாம். வாஷருக்கு ஆடுகிற இடத்தில் யாரும் பயந்து ஓடமாட்டார்கள், எல்லாரும் கடைசிவரை வருவார்கள். ஆகவே மிரட்டி ஜெயிக்க முடியாது, நல்ல கைக்குக் காத்திருக்க வேண்டும். நாலு சீட்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். அடுத்தடுத்த எண்ணாக வந்தால் நல்லது. இரண்டிரண்டாக ஒரே இனமாகவும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு ஏஸ், கூடவே அந்த இரண்டோடும் இனம் சேர்கிற இரண்டு பெரிய சீட்டு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம், அதற்குமேல் கை அநேகமாகக் கிடையாது. மூன்று சேர்ந்து நாலாவது மட்டும் முறைத்துக்கொண்டு நின்றால் யோசி. இரண்டு சேராவிட்டால் சீட்டைக் கவிழ்த்து வைத்து அந்தக் கையை விட்டு விலகிவிடு. ஐந்து கை வந்தால் நாலைக் கவிழ்க்கிறவன்தான் ஆட்டக்காரன் என்கிறார்.

கவிழ்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கைக்கு வந்ததைக் கீழே போட யாருக்கு மனசு வரும்? செம்புலிங்கத்துக்கு வருவதே இல்லை. எந்தக் குப்பை வந்தாலும் வைக்கிறான். இன்று அவன் கழுவினான்.

மார்ச் 11, சனி

செம்புலிங்கம் இன்று சீட்டைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். இருந்த வாஷரையெல்லாம் நடுவில் தள்ளினான். கடைசியில் காக்காவின் இரண்டு ஜோடியிடம் தோற்றான். பார்த்தால் அவன் கையில் நாலு ஒன்பது.

"நாலும் ஒம்பது அண்ணாச்சி. இதுக்குமேல என்ன வேணும்?" என்று என்னிடம் நியாயம் கேட்கிறான்.

வேதரத்தினம் தலையில் அடித்துக்கொண்டார். கையிலிருந்து இரண்டுதான் செல்லும், ஆக உன்னிடம் இருப்பது ஒரு ஜோடி ஒன்பது. இன்னொரு ஒன்பது மேஜையில் வந்தால்தான் கை பெருகும். மிச்சம் இரண்டையும் நீயே பிடித்து வைத்திருந்தால் அது எங்கிருந்து வரும்? உலகத்தில் இதைவிடக் குப்பைக் கை கிடையாது, பார்த்தவுடன் கவிழ்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். எனக்குச் செம்புலிங்கத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ரம்மியிலும் மூணு சீட்டிலும் வளர்ந்த நமக்கு இது சுலபத்தில் ஏறாது. ஒரே மாதிரி சீட்டாக வந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் சின்ன வயசிலிருந்து பழக்கம். நானாக இருந்தாலும் எழுந்து நின்றிருப்பேன்.

மார்ச் 14, செவ்வாய்

தண்ணீர்ப் படகு வந்தது. ஒன்பது நாளைக்கப்புறம் குளித்தோம்.

மார்ச் 19, ஞாயிறு

சூசையப்பர் திருநாள். போன வருஷம் இதே நாளில் இந்த மெஸ்ஸில் இருபத்திரண்டு பேருக்குப் பிரியாணி போட்டேன். கோழிக்காலுக்கு அடிதடி. பிலிப்பைன்ஸ் பையன்கள் மைக்கை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பாடினார்கள், ஒருத்தனுக்கும் சுருதி கிடையாது. ஈரத் தரையில் பூட்ஸோடு நடக்காதீர்கள் என்று நான் கத்தாத ஞாயிறு இல்லை. இப்போது டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரைப் பகலில் மூன்று மணி நேரம்தான் ஓட்டுகிறோம். அது நின்றதும் கப்பலில் ஒரு அமைதி வருகிறது பாருங்கள், தாங்க முடியவில்லை. யாராவது பூட்ஸோடு வந்து தரையை மிதித்தால் தேவலை என்று இருக்கிறது.

கப்பலின் முன்பக்கம், நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றால் கரையின் சிக்னல் இரண்டு கோடு கிடைக்கும். வீட்டுக்குப் பேசினேன். மகள் ஜெனோவாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மே 8, திங்கட்கிழமை. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். என் மனைவி பிலோமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "வந்துருவீங்கல்ல?" கண்டிப்பாக என்று சொன்னேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 20, திங்கள்

ராத்திரி தூக்கமில்லை, அதனால் காலையில் ரொட்டி கருகிவிட்டது. எல்லாரும் கருகலைச் சுரண்டிவிட்டுத் தின்றார்கள்.

ஜெனோவா பிறந்தபோது நான் பிரேசிலுக்குப் போகிற வழியில் இருந்தேன். தந்தி வந்து, ரேடியோ ஆபீசர் சமையல்கட்டுக்கே ஓடிவந்து வாசித்தார். பெண், தாயும் சேயும் நலம். அன்றைக்கு முப்பது பேருக்கு அல்வா கிண்டினேன், கை பொத்துப்போனது. பதினோரு மாதம் கழித்து முதல் தடவையாகப் பார்த்தபோது என்னைக் கண்டு வீறிட்டாள். அடுத்த லீவில் பிலோமியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை மாமா என்று கூப்பிட்டாள். வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். ஒவ்வொரு லீவுக்கும் வேறு ஒரு பிள்ளைதான் வந்து கதவைத் திறக்கும். பல் விழுந்த பிள்ளை, இரட்டைச் சடை போட்ட பிள்ளை, கதவைப் பாதி மூடிக்கொண்டு பாடம் படிக்கிற பிள்ளை. இருபத்தாறு வருஷத்தில் அவளோடு நான் இருந்ததையெல்லாம் சேர்த்தால் ஆறு வருஷம் தேறாது. அந்த நாட்களை நினைத்தால் எல்லாவற்றையும் ஒரு தடவை மறுபடி கொடு என்று யாரிடமாவது கேட்கலாம் போலிருக்கிறது.

கல்யாணத்துக்காவது பக்கத்தில் நிற்க வேண்டும்.

மார்ச் 27, திங்கள்

தூண்டிலில் இரண்டு பாறை மீன் மாட்டியது. குழம்பு வைத்தேன், புளி தீர்ந்துவிட்டதால் தக்காளித் தூள் போட்டு ஒப்பேற்றினேன்.

பேசுவதற்கு என் முறை வரட்டும் என்று முன்பக்கத்தில் காத்திருந்தேன். எனக்கு முன் செம்புலிங்கம். காது கொடுக்கவில்லை, ஆனால் அங்கே நின்றால் கேட்காமல் இருக்க முடியாது. அவன் மனைவி முப்பிடாதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மே 3 அன்று திருநெல்வேலியில் ஆப்பரேஷன். அவளுக்கு அப்பா அம்மா இல்லை, இவன் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. "கூட ஆரு இருப்பா? ஆரு இருப்பான்னு சொல்லு" என்று இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் காக்காவுக்கும் வேதரத்தினத்துக்கும் தெரிந்துவிட்டது. கப்பல் அப்படி. காக்காவிடம் மட்டும் நான் சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஸ்பேடில் ஐந்து சேர்ந்துவிட்டது என்று இருந்ததையெல்லாம் வைத்தேன். என்னுடையதில் பெரிய சீட்டு ஒன்பது. காக்காவிடமும் ஸ்பேடு, அவரிடம் ராணி. சின்ன சீட்டாக இனம் சேர்ந்தால் அது வலை, இனம் பிடித்தால் ஏஸோடு பிடி என்கிறார் வேதரத்தினம். இதை நேற்றே சொல்லியிருக்கலாம். நான் கழுவினேன்.

செம்புலிங்கம் இன்று இரண்டு கை கவிழ்த்தான். வேதரத்தினம் எழுந்து போய் அவனுக்குக் கை கொடுத்தார்.

ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலைக்கு எங்கே போவது. காலையில் சமையல்கட்டு மேடைமேல் ஒரு சிலுவை இருந்தது. பழைய கயிற்றைப் பிரித்து, நார் நாராக எடுத்துப் பின்னியது. அப்படிப் பின்ன இந்தக் கப்பலில் ஒரு கைக்குத்தான் தெரியும். காக்காவிடம் கேட்டதற்கு, சும்மா இருந்த நேரத்தில் என்னத்தையோ பின்னினேன் தம்பி, நீ எதுக்காவது வைத்துக்கொள் என்றார்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

கஞ்சி. வேறு கிழமையாக இருந்தாலும் கஞ்சிதான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

கேப்டன் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார். ஐந்து பேர் இருந்தால் போதும் என்று துறைமுகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆக ஒருவர் வீட்டுக்குப் போகலாம். டிக்கெட்டை ஒரு தொண்டு நிறுவனம் எடுத்துத் தருகிறது. கேப்டனும் என்ஜினியரும் நகரக்கூடாது, அதனால் உங்கள் நாலு பேரில் ஒரு பெயரை ஞாயிறு சாயங்காலத்துக்குள் கொடுங்கள் என்றார். மற்றவர்கள் கோர்ட் கப்பலை விற்கும்வரை இருக்க வேண்டும். ஆகஸ்ட் ஆகலாம், அதற்குமேலும் ஆகலாம்.

வெளியே வந்து யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு மே 8. செம்புலிங்கத்துக்கு மே 3. காக்கா வீட்டை விட்டுப் பதினெட்டு மாதம். வேதரத்தினத்துக்கு ஒரே மகன், அவன் நடக்கத் தொடங்கியதைப் போனில் கேட்டவர்.

ஏப்ரல் 19, புதன்

நாள் முழுக்க "நீங்க போங்க". நாங்கள் மூன்று பேரும் செம்புலிங்கத்தை உட்காரவைத்து, நீதான் போக வேண்டும் என்று சொன்னோம். அவன் வெடித்துவிட்டான். அப்பா இறந்த பிறகு ஊரார் கொடுத்ததைத் தின்று வளர்ந்தவனாம். பாவம் பார்த்து யார் எதைக் கொடுத்தாலும் தொண்டையில் இறங்காதாம். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"ஆப்ரேசன டாக்டர் பாத்துக்கிடுவாரு அண்ணாச்சி. நான் போயி என்ன செய்யப்போறேன்? பிள்ள கல்யாணம் ஒரு தடவதான். அப்பா இல்லாம எப்படி?"

கல்யாணத்தைச் சாமியார் பார்த்துக்கொள்வார் என்று நானும் சூடாகச் சொன்னேன். ஒருத்தர் மேல் ஒருத்தர் இரக்கப்பட்டு இப்படிச் சண்டை போட்டதை நான் எங்கும் பார்த்ததில்லை. மத்தியானச் சோறு மிஞ்சிப்போனது.

ஏப்ரல் 20, வியாழன்

வேதரத்தினம் ஒரு வழி சொன்னார். ஞாயிறு மத்தியானம் ஆளுக்கு நாற்பது வாஷர். ஒன்றரை மணியிலிருந்து நாலு மணி வரை ஒமாஹா. நாலு மணிக்கு யாரிடம் அதிகமோ அவர் போகிறார். சீட்டாட்டம் கொடுத்தால் அது பிச்சை இல்லையே என்று செம்புலிங்கத்தைப் பார்த்துக் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். காக்காவும் சரி என்றார், நானும் சரி என்றேன். இரண்டு நாள் சண்டை இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது எனக்கே ஆச்சரியம்.

விட்டுக்கொடுத்து ஆடக்கூடாது என்று அவரவர் சாமிமேல் சத்தியம் பண்ண வேண்டும் என்றான் செம்புலிங்கம். பண்ணினோம். நான் மாதா பெயரைச் சொல்லவில்லை, பொதுவாகத் தலையை ஆட்டினேன். காக்கா தும்மல் வந்து வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 22, சனி

பிலோமி எனக்குச் சட்டை எடுத்துவிட்டாளாம். நெஞ்சளவு பழைய அளவுதானா என்று கேட்டாள். இளைத்துவிட்டேன், இரண்டு இஞ்சு குறைத்துக்கொள் என்றேன். நாளைய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஜெனோவா போனை வாங்கி, "அப்பா, நீங்க வந்து நின்னா போதும், வேற ஒன்னும் வேண்டாம்" என்றாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

சாப்பாட்டுக்கு ஈஸ்டர் சமயத்தில் வந்த கோழியில் மிச்சம் வைத்திருந்ததைப் போட்டேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தோம். கேப்டன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு மத்தியானம் முழுக்கச் சீட்டு சரியில்லை. மூன்றாவது கையில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, இரண்டு டைமன், இரண்டு கிளாவர். கண் எரிந்துகொண்டிருந்தது, கவிழ்த்துவிட்டேன். அதற்கப்புறம் எட்டும் மூன்றும் இரண்டும் ஏழும் வந்தது. வைத்தேன். செம்புலிங்கமும் வைத்துக்கொண்டே வந்தான். மேஜையில் எட்டும் மூன்றும் வந்து தொலைத்து நான் ஜெயித்துவிட்டேன். எரிச்சலாக வந்தது. அடுத்தும் அவனிடமிருந்தே ஒரு பெரிய கை எனக்கு வந்தது. என்னோடு ஆடும்போது மட்டும் அள்ளி அள்ளி வைத்தான். மற்றவர்களிடம் ஜெயிப்பான், என்னிடம் வந்து கொட்டுவான். எனக்கு வந்த குப்பைக் கைகளில் அதெல்லாம் மறுபடி கைவிட்டுப் போனது.

வேதரத்தினமும் இன்று தடுமாறினார். ஐந்தில் நாலைக் கவிழ்க்கிறவர் ஐந்தையும் கவிழ்த்தார். காக்கா ஒரு கையில் ஒரே இனமாக ஐந்து சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு ஜோடிதான் இருக்கிறது என்று சீட்டைக் கலைத்துவிட்டார். எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், எனக்கு நன்றாகத் தெரிந்தது. வயசாகிறது, கண் தெரியவில்லை போலும். நான் திருத்தவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம். கடைசிக் கை என்று கேப்டன் சொன்னார். செம்புலிங்கத்திடம் எழுபது வாஷர், என்னிடம் நாற்பத்தைந்து, மிச்சம் அவர்கள் இருவரிடமும். சீட்டு போட்டது வேதரத்தினம். செம்புலிங்கம் சீட்டைப் பார்த்தான், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுபதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான்.

நான் வைக்கலாம். வைத்து ஜெயித்தால் என்னிடம் தொண்ணூறு, அவனிடம் இருபத்தைந்து. நான் போகிறேன்.

என் கையில் ஏஸ் ஸ்பேடு, ஏஸ் ஆட்டின், ஜாக்கி ஸ்பேடு, பத்து ஆட்டின். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சட்டை ஞாபகம் வந்தது. ஜெனோவா சின்னவளாக இருந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றது ஞாபகம் வந்தது. கூட ஆரு இருப்பா என்று இவன் சங்கிலிப் பக்கம் நின்று கேட்டதும் ஞாபகம் வந்தது. கை சரியில்லை. கவிழ்த்துவிட்டேன்.

எனக்கு முன்னாலேயே காக்கா கவிழ்த்திருந்தார். எனக்குப் பிறகு வேதரத்தினமும் கவிழ்த்தார். மேஜையில் ஒரு சீட்டுகூடத் திறக்கவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. செம்புலிங்கம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அப்புறம் கையிலிருந்ததை மெதுவாக விரித்து வைத்தான். நாலு ராஜா.

அன்றைக்கு நாலு ஒன்பதுக்கு அரை மணி நேரம் திட்டிய வேதரத்தினம் அதைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம்.

"நல்ல கைதாங்க" என்றார் வேதரத்தினம்.

காக்கா அவன் முதுகில் தட்டினார். நானும் தட்டினேன். அவன் சிரிக்கவில்லை, முகம் ஒரு மாதிரியாக இருந்தது. சந்தோஷம் அதிகமானால் சிலருக்கு அப்படித்தான்.

சீட்டை எடுத்து அடுக்குவது எப்போதும் என் வேலை. காக்கா கவிழ்த்தது இரண்டு ராணி, ஜாக்கி, பத்து, இரண்டிரண்டாக ஒரே இனம். வேதரத்தினம் கவிழ்த்தது பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, அதுவும் இரண்டிரண்டாக ஒரே இனம். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. அவர்கள் என் பக்கம் திரும்புவதற்குள் என்னுடையதைக் கட்டுக்குள் சொருகிவிட்டேன்.

ஏப்ரல் 26, புதன்

காலை பத்து மணிக்குப் படகு வந்தது. செம்புலிங்கத்துக்கு வழியில் தின்ன ரொட்டியும் முட்டையும் கட்டிக் கொடுத்தேன். ஏணியில் பாதி இறங்கியவன் திரும்பி ஏறி வந்தான். ஏதோ மறந்துவிட்டானாக்கும் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி இறங்கிப் போனான். காக்கா ஏணியைத் தூக்கும்போது வழக்கமான அதட்டல் எதுவும் போடவில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

பிலோமியிடம் சொன்னேன். எப்படிப் பெயர் முடிவானது என்று கேட்டாள். சீட்டில் தோற்றுவிட்டேன் என்றேன். அவள் கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை.

"இப்ப நல்லா ஆடுறேன்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். சிக்னல் போய்விட்டது போல நடித்தேன்.

மே 3, புதன்

ஆப்பரேஷன் முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதானாம், பயமில்லை. முப்பிடாதி கண் விழித்ததும் செம்புலிங்கத்தைப் பார்த்து, கப்பல் என்ன ஆச்சு என்று கேட்டாளாம். செய்தி வந்ததும் காக்கா தொழப் போய்விட்டார். வேதரத்தினமும் நானும் டீ குடித்தோம். பால் பவுடர் இன்று சற்று தாராளமாகவே போட்டேன். மூன்று பேருக்கு ஒமாஹா சுவைப்பதில்லை, சீட்டை எடுத்து வைத்துவிட்டோம்.

மே 8, திங்கள்

காலையிலேயே குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன். காக்காவும் வேதரத்தினமும் சட்டையை மாற்றிக்கொண்டு முன்பக்கத்துக்கு வந்திருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. தளத்துச் சூடு காலிலேயே ஏறுகிறது, ஆனாலும் மூன்று பேரும் சங்கிலிப் பக்கம் நின்றோம்.

சொன்ன நேரத்துக்குச் செம்புலிங்கம் கூப்பிட்டான். திருநெல்வேலியில் ஒரு நர்ஸம்மாவிடம் முப்பிடாதியை ஒப்படைத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் தூத்துக்குடி போயிருக்கிறான். படம் தெரிகிற அளவுக்கு எங்கள் சிக்னலுக்குத் திராணி இல்லை, குரல் மட்டும்தான். மூன்று பேருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோயிலில் முன்வரிசையில் நின்றிருக்கிறான். பாட்டு கேட்டது, இருமல் கேட்டது, யாருடைய குழந்தையோ அழுதது. அப்புறம் சாமியார் கேட்க, ஜெனோவா சம்மதம் சொன்னாள். தெளிவாகக் கேட்டது. இவ்வளவு பெரிய குரல் இவளுக்கு எப்போது வந்தது? எந்த லீவில் நான் கவனிக்காமல் விட்டேன்? வேதரத்தினம் கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கவில்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூசை முடிந்ததும் செம்புலிங்கம் வெளியே வந்து பேசினான். பிள்ளை அழகாக இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டத் தெரியவில்லை, பிலோமி அக்கா திடமாக இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னான். அப்புறம் குரல் மாறியது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நாலு ராஜாவுக்கு மொத்தத்தையும் வச்சேன்லா. அது குப்பைன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஒம்பதுல பட்டத மறப்பேனா?"

நான் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

"உங்ககிட்ட தோக்கணும்னுதான் வச்சேன். இந்தக் கோயில்ல நீங்க நிக்கணும்னு. மூணு பேர்ல ஒருத்தராவது வச்சிருக்கக்கூடாதா?"

காக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். வேதரத்தினம் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். இந்த மூன்று பேரைப்போல மனிதர்களோடு இனி எந்தக் கப்பலிலும் நான் இருக்கப்போவதில்லை என்று தோன்றியது. நாலு பேரும் சேர்ந்து சத்தியத்தை மீறியிருக்கிறோம், ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

"உங்க கையில என்ன அண்ணாச்சி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"ஒன்னும் இல்லலே. நாலும் சேராத சீட்டு" என்றேன்.

பிறகு, பந்தி ஆரம்பித்துவிட்டது, உங்கள் இடத்தில் என்னை உட்காரச் சொல்கிறார்கள், உட்காரட்டுமா என்று கேட்டான். உட்கார் என்று சொன்னேன்.